கோட்டையும் பேட்டையும் – 14: ஒரே குழலுக்குள் இரண்டு வெடி

1791 மார்ச் 21ஆம் தேதி இரவு, மதில் உடைப்பின் வழியே கார்ன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டைக்குள் ஏறியதையும், கில்லேதார் பகதூர் கான் போரிட்டு மடிந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். விடிந்த பிறகு கோட்டையைச் சுற்றிப் பார்த்த ஆங்கிலேய அதிகாரிகள் உள்ளே இருந்ததைக் கண்டு வியந்தார்கள். பீரங்கி வார்க்கும் உலைக்கூடம், வார்த்த பீரங்கியைத் துளையிடும் எந்திரம், துப்பாக்கிப் பட்டறை எல்லாம் அங்கே இருந்தன. ஐரோப்பியத் துப்பாக்கிகளை வாங்கிக் குவித்த அரசர்கள் அன்றைய இந்தியாவில் பலர் உண்டு. சொந்த மண்ணில் செய்து கொள்ளவேண்டும் என்று பிடிவாதமாக நின்றது மைசூர்.

அந்தப் பிடிவாதம் தொடங்கிய இடம் நம் திண்டுக்கல். 1755இல் அங்கே பவுஜ்தாராக வந்த ஹைதர் அலி, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுச்சேரிப் பக்கங்களிலிருந்து தேர்ந்த தொழிலாளிகளைத் திரட்டி, பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் ஓர் ஆயுதச் சாலையை அமைத்தார். மூன்றே ஆண்டுகளில் பெங்களூர் அவருக்கு ஜாகீராகக் கிடைத்தது. 1761இல் மண்கோட்டை கல்கோட்டையானது. திண்டுக்கல் மலையடிவாரத்தில் கற்ற பாடம் இங்கே பெரிய அளவில் பயன்பட்டது. பெங்களூரைச் சுற்றி இரும்புக்கும் பஞ்சமில்லை. 1800இல் இந்த வட்டாரத்தில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மாகடிப் பக்கம் இரும்பும் எஃகும் காய்ச்சியதையும், சன்னபட்டணத்தில் இசைக்கருவிகளுக்கு எஃகுக் கம்பி இழுத்ததையும் விவரமாக எழுதியிருக்கிறார். வீணைத் தந்திக்குக் கம்பி இழுக்கத் தெரிந்த ஊருக்கு இரும்பின் குணம் தெரியாமல் இருக்குமா?

ஹைதரின் மகன் திப்பு சுல்தானின் துப்பாக்கிகள் என்றதும் எல்லோரும் புலியைப் பற்றியே பேசுகிறார்கள். குழலில் புலி வரி, கட்டையில் வெள்ளிப் புலித்தலை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கிகளின் உண்மையான அதிசயம் குழலுக்கு உள்ளே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியின் பெருங்குறை ஒன்றுதான். ஒரு முறை சுட்டுவிட்டால் அது வெறும் இரும்புத் தடி. குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டித்து, கிண்ணத்தில் பற்றுமருந்து வைத்து, குதிரையை இழுத்து நிறுத்தியாக வேண்டும். நன்கு பழகிய சிப்பாய்கூட நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறைதான் சுடுவான். வேட்டையில் முதல் குண்டு தவறினால் புலி அவ்வளவு நேரம் காத்திருக்காது. இந்த இடைவெளியைக் குறைக்க உலகெங்கும் கொல்லர்கள் மூளையைக் கசக்கினார்கள். அக்பர் காலத்தில் பதுல்லா ஷிராசி பதினேழு குழல்களை ஒன்றாகப் பிணைத்து ஒரே திரியில் வெடிக்க வைத்தார். ராஜஸ்தானத்தில் கட்டாரியின் இருபுறமும் கைத்துப்பாக்கி பொருத்தினார்கள். ஐரோப்பாவில் இரட்டைக் குழல் வந்தது. ஆனால் குழல் இரண்டானால் எடையும் ஏறுமே!

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கைவினைஞர் ஒருவர் எடுத்த வழி துணிச்சலானது. ஒரே குழல்தான். அதற்குள் முதலில் ஒரு மருந்து, ஒரு குண்டு; அதன் மேலேயே இன்னொரு மருந்து, இன்னொரு குண்டு. முன்னால் இருப்பது முதலில் வெடிக்கும், பின்னால் இருப்பது அடுத்து. ஒவ்வொன்றுக்கும் தனித் தீத்துளை. கேட்பதற்கு எளிது. முன் மருந்து எரியும்போது அதன் நெருப்பு ஒரு மயிரிழை இடைவெளியில் பின்னால் கசிந்தாலும் இரண்டும் ஒன்றாக வெடித்து, குழல் பிளந்து, சுடுபவனின் கை போய்விடும். பின்குண்டு குழலை இறுக அடைத்து நெருப்புக்கு அணையாக நிற்க வேண்டும். அதற்குக் குழலின் உட்புறம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக, வழவழப்பாகக் கடையப்பட்டிருக்க வேண்டும். இதைச் செய்து முடித்து அரசன் கையில் கொடுப்பதற்குத் தன் வேலையின் மீது எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

இந்த முறை மைசூரில் பிறந்ததென்று சொல்லமாட்டேன். ஐரோப்பாவிலும் முன்பே முயன்றிருக்கிறார்கள். இருநூறு ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவில் மெட்டல் ஸ்டார்ம் என்ற நிறுவனம் இதே அடுக்கு முறையை மின்சாரத்தால் இயக்கி, முப்பத்தாறு குழல் கொண்ட ஒரு கருவியைக் காட்டி உலகைத் திகைக்க வைத்தது. விற்பனை கூடிவராமல் 2012இல் நொடித்தும் போனது. கருத்து அவ்வளவு கவர்ச்சியானது, அவ்வளவு கடினமானதும்கூட.

அந்த இருவெடித் துப்பாக்கியில் பொறித்திருக்கும் காலம் 1793-94க்குச் சரியாக வருகிறது. இதைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்புவின் பாதி ராஜ்யம் போயிற்று. தந்தை முதன்முதலில் ஆயுதச் சாலை வைத்த திண்டுக்கல்லும் கும்பினியின் கைக்குப் போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். இரண்டு மகன்கள் பிணைக் கைதிகள். பெங்களூர் திரும்பக் கிடைத்தாலும், மறுபடியும் எதிரிக்குப் பயன்படக்கூடாதென்று கோட்டையைத் திப்புவே இடிக்கச் சொன்னார். அப்படிப்பட்ட நாட்களில் பட்டறை உலை அணையவில்லை என்பதோடு, முன்பைவிட நுட்பமான வேலையும் அங்கே நடந்திருக்கிறது.

இன்னொரு புதுமை, கைத்துப்பாக்கி ஜோடிகள். பொதுவாகச் சக்கிமுக்கிக் கல் பொறி துப்பாக்கியின் வலப்பக்கம்தான் இருக்கும். திப்புவுக்கான ஜோடிகளில் ஒன்றில் பொறி வலப்பக்கம், மற்றதில் இடப்பக்கம். ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றது. இடப்பக்கப் பொறிக்கு வில், குதிரை, திருகாணி எல்லாமே தனி அச்சில் தலைகீழாகச் செய்தாக வேண்டும்; வேலை இரட்டிப்பு. பற்றுமருந்தின் தீப்பொறி பொறி இருக்கும் பக்கம் சிதறும் என்பதால், இரு கையிலும் ஏந்துபவனுக்கு இரண்டு நெருப்பும் வெளிப்பக்கமாகவே போகும். அலங்காரத்துக்காக மட்டும் இதைச் செய்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் புல்பப் துப்பாக்கிகளைப் பார்த்தால் இந்த வேலையின் மதிப்பு புரியும். புல்பப் என்றால், சுடும் பொறியையும் தோட்டாவையும் விசைக்குப் பின்னால், தோளில் அண்டும் கட்டைக்குள்ளேயே வைத்துவிடுவது. குழல் குறையாமலே மொத்த நீளம் குறைந்துவிடும். 1901இல் பிரிட்டனில் தார்னிகிராஃப்ட் கார்பைன் இப்படி வந்தது, ராணுவம் ஏற்கவில்லை. 1960களில் அமெரிக்கப் போலீசுக்காக ஹை ஸ்டாண்டர்ட் நிறுவனம் ஹெச்எஸ்-10 என்ற ஷாட்கன்னைச் செய்தது. கலிஃபோர்னியாவின் போலீஸ்காரர் ஒருவரின் யோசனை அது. மேலே டார்ச் விளக்கு, கார் கதவைத் திறந்து உடனே எடுக்கும் அளவு குட்டை. ஆனால் சுட்ட தோட்டாக் கூடு வலப்பக்கமாக, முகத்துக்குப் பக்கத்திலேயே தெறித்து விழும். இடது தோளில் வைத்தால் சுடுபவர் முகத்தில்தான் அடிக்கும். இடக்கைக்காரருக்கு அந்தத் துப்பாக்கி உதவவே இல்லை. வலம், இடம் என்ற சிக்கலைப் பெரிய தொழிற்சாலை அப்படியே விட்டுவிட்டது. மைசூர்க் கொல்லன் உட்கார்ந்து இடப்பக்கத்துக்கென்று தனியாகப் பொறி அடித்தான்.

திப்புவின் துப்பாக்கிகளில் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் பாரசீக எழுத்தில் இருக்கும். ‘சர்க்கார்-எ-குதாதாத்’ என்ற அரசின் பெயரும், கட்டங்களுக்குள் ஹைதர் என்று எழுதிய முத்திரையும் உண்டு. ஆண்டு திப்பு ஏற்படுத்திய மௌலூதிக் கணக்கில். சையத் மாசூம், சையத் தாவூத், அசத் கான் முகமது என்று பெயர்கள் வருகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் பணியாளர் பெயரை வெட்டிய மரபைப் போற்றுகிற நாம், இந்தப் பெயர்களையும் அதே மரியாதையோடு படிக்க வேண்டும். பட்டறைக்காரன் பெயர் அரசன் கையிலிருக்கும் பொருளில் வெள்ளியில் நிற்பது சின்ன விஷயமல்ல.

1799 மே 4ஆம் தேதி திப்பு வீழ்ந்த பிறகு அவருடைய உடைமைகள் கொள்ளைப் பங்காகக் கப்பலேறின. ராபின் விக்கிண்டன் என்ற ஆங்கிலேயர் இந்தத் துப்பாக்கிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1992இல் இவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் சேகரிப்பு 2015 ஏப்ரல் 21 அன்று லண்டனில் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. மொத்தம் 60 லட்சம் பவுண்டுக்கு மேல். அந்த இருவெடித் துப்பாக்கி மட்டும் 7,22,500 பவுண்டுக்குப் போனது. மறுநாள் செய்திகளில் புலி இருந்தது, திப்பு இருந்தார், விலை இருந்தது. அந்தத் துப்பாக்கியைச் செய்தவர் அசத் கான் முகமது. அந்தப் பெயரைத் தலைப்பில் போட யாருக்கும் தோன்றவில்லை.

துப்பாக்கியோடு பெங்களூர்ப் பட்டறைகளின் கதை முடியவில்லை. சிட்டி மார்க்கெட்டை ஒட்டிய தாராமண்டல்பேட்டையில் இரும்புக் குழாய்க்குள் மருந்து அடைத்து வானத்தில் ஏவினார்கள். அடுத்த வாரம் அந்தத் தெருவுக்குப் போவோம்.

(தொடரும்)