உப்புத்தண்ணியும் பற்றரியும்: ஒரு பழைய பகை

போன வருசம் நெடுந்தீவுக்குப் போய்த் திரும்பி வரேக்க எங்களில் ஒருத்தரின் பவர் பாங்க் கடல் தண்ணியில் நனைந்துபோனது. குறிகட்டுவானில் இறங்கி, துவாயால் துடைத்து, வெயிலில் காயவைத்தோம். லைட் எரிந்தது. "பிரச்சினை இல்லை, வேலை செய்யுது" எண்டு அன்றிரவே சார்ஜில் போட்டுவிட்டு ஐந்து பேரும் ஒரே அறையில் படுத்தோம். விடிய எழும்பிப் பார்த்தால் அது ஊதிப் பிதுங்கிப்போய்க் கிடந்தது.

நல்லகாலம், தீப்பிடிக்கவில்லை. ஒரு சின்னப் பவர் பாங்கே இப்படியென்றால், பற்றரியில் ஓடுகிற படகும் ஜெட் ஸ்கீயும் கடலுக்குள் எப்படிப் பாதுகாப்பாக இருக்கின்றன? இந்தக் கேள்வியோடு தேடப் போனபோதுதான், கதை லித்தியத்துக்குக் கன காலம் முன்னமே தொடங்கியிருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

1838 இல் மோரிட்ஸ் ஜக்கோபி என்ற விஞ்ஞானி ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில், நேவா ஆற்றில் மின்மோட்டர் பூட்டிய படகொன்றை ஓட்டிக் காட்டினார். அடுத்த வருசம் அதைவிடச் சக்தி கூடிய மின்கலங்களைப் பூட்டினார். அவற்றுக்குள் இருந்தது நைத்திரிக் அமிலம். படகு ஓட ஓட நச்சுப்புகையும் சேர்ந்து வந்தது. ஆக, பற்றரிப் படகு பிறந்தபோதே அதன் ஆபத்தும் கூடவே பிறந்துவிட்டது.

பிறகு ஈய-அமில பற்றரிகள் வந்தன. 1893 இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் 55 மின்படகுகள் சனத்தை ஏற்றித் திரிந்தன. சத்தமில்லை, புகையில்லை. ஆனால் பெற்றோல் என்ஜின் வந்ததும் அவை ஓரங்கட்டப்பட்டன. தண்ணிக்கு அடியில் மட்டும் பற்றரியை விட வழியிருக்கவில்லை. என்ஜினுக்குக் காற்று வேணும், நீர்மூழ்கிக் கப்பலுக்குள் அது கிடையாது.

உப்புத்தண்ணியின் குணம் வடிவாகத் தெரியவந்ததும் அங்கேதான். ஈய-அமில பற்றரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரீன் வாயு வரும். மூடிய இரும்புக் கூட்டுக்குள் குளோரீன் வந்தால் மாலுமிகள் எங்கே ஓடுவார்கள்? தோமஸ் எடிசன் இதற்கொரு தீர்வு சொன்னார். அமிலமே இல்லாத தன்னுடைய நிக்கல்-இரும்பு பற்றரியில் குளோரீன் பயம் இல்லை என்றார். அமெரிக்கக் கடற்படை அதை இ-2 என்ற நீர்மூழ்கியில் பூட்டியது. 1916 ஜனவரி 15, நியூயோர்க்கின் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் அந்த நீர்மூழ்கி வெடித்தது. 5 பேர் செத்துப்போனார்கள். குளோரீன் வரவில்லைத்தான். பற்றரியிலிருந்து வந்த ஐதரசன் உள்ளே தேங்கி வெடித்திருந்தது.

இந்த இடம் எங்களை யோசிக்க வைத்தது. ஒரு ஆபத்தை அடைத்த கையோடு இன்னொன்றுக்குக் கதவு திறந்துவிட்டது. லித்தியத்தின் கதையும் இதேதான்.

1970களில், எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், எக்ஸன் நிறுவனத்தில் ஸ்ரான்லி விற்றிங்ஹாம் லித்திய உலோகத்தில் பற்றரி செய்தார். சக்தி அபாரம், தீப்பிடிக்கிற குணமும் அபாரம். 1989 இல் ஜப்பானில் கைபேசியொன்று தீப்பிடித்ததோடு, கனடாவின் மொலி எனர்ஜி நிறுவனம் தன் லித்திய உலோக பற்றரிகளைத் திருப்பி வாங்கவேண்டி வந்தது. இதற்கிடையில் ஜோன் குடினப்பும் அகிரா யோஷினோவும் உலோகத்தை விட்டுவிட்டு அயன்களாக மட்டும் லித்தியம் ஓடுகிற வழியைக் கண்டிருந்தார்கள். 1991 இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019 இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

"லித்தியம் தண்ணியில் பட்டால் வெடிக்கும்" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே இதிலும் பொருத்தக் கூடாது. இன்றைய லித்தியம்-அயன் பற்றரியில் வழமையாக உலோக லித்தியம் இல்லை. பிரச்சினை உப்பு. கடல்நீர் மின்னைக் கடத்தும், முனைகளை அரிக்கும், காய்ந்த பிறகும் உப்புப் படிவு உள்ளே நிற்கும். அது குறுஞ்சுற்றுக்கு வழிவிட, கலம் சூடேறும். உள்ளே இருக்கிற திரவம் எரியக்கூடியது. ஒரு கலம் எரிந்தால் பக்கத்துக் கலத்துக்கும் சூடு பரவும். பல வகைகளில் கலமே ஒட்சிசனை வெளிவிடுவதால் மூடி அணைக்கவும் ஏலாது.

மின்படகுகளில் முன்னோடியான நோர்வேகூட இதை அடிபட்டுத்தான் படித்தது. 2019 ஒக்ரோபரில் இற்றெரொய்னிங்கன் என்ற பயணிகள் படகின் பற்றரி அறையில் தீ. அணைந்துவிட்டது என்று நினைத்திருக்க, அடுத்தநாள் காலையில் தேங்கிய வாயு வெடித்தது. 2021 மார்ச்சில் ஒஸ்லோ கடற்கழியில் பிரிம் என்ற சுற்றுலாப் படகு தீப்பிடித்தது. பயணிகள் இல்லை, பணியாளர்கள் நாலு பேரும் தப்பினார்கள். பற்றரி அறைக்குள் கடல்நீர் புகுந்து குறுஞ்சுற்றானதே காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதே பழைய பகைதான்.

இப்போது ஜெட் ஸ்கீக்கு வருவோம். கவாசாகி 1973 இல் இந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது பெற்றோல் வண்டி. இன்று கனடாவின் ரைகா போன்ற நிறுவனங்கள் மின்சாரத்தில் செய்கின்றன. அதற்குள் இருக்கிற பற்றரியின் சக்தி ஆயிரம் போன்களுக்கு மேல். அது அலையில் அடிபடும், கவிழும், உப்பில் ஊறும். அதனால்தான் பற்றரியைத் தண்ணி புகாமல் மூடுகிறார்கள். கலங்களின் சூட்டையும் மின்னழுத்தத்தையும் அளந்து, பிழையென்றால் தானே துண்டிக்கிற சுற்று வைக்கிறார்கள்.

மிச்சம் எங்கள் கையில். கடலில் ஓடி வந்ததும் நல்ல தண்ணியால் கழுவி, சார்ஜ் பண்ணுகிற வாய் காய்ந்த பிறகுதான் செருகவேணும். அதற்கென்று தந்த சார்ஜரையே பாவிக்கவேணும். படுக்கிற அறையிலும், வெளியேறுகிற வாசலை மறித்தும் சார்ஜ் போடக் கூடாது. அடிபட்ட, ஊதின, மூடிக்குள் தண்ணி புகுந்த பற்றரியை "வேலை செய்யுது" என்பதற்காகத் திரும்பச் சார்ஜ் பண்ணவே கூடாது. மணிக்கணக்கு, நாள்கணக்குக் கழித்தும் அது எரியலாம். சீறுகிற சத்தமோ புகையோ வந்தால், காற்று வருகிற பக்கமாக விலகி ஓடவேணும். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. இரும்பு பொஸ்பேற்று வகை மற்றவற்றைவிட உறுதியானது. ஆனால் அதுவும் எரியாத பொருளல்ல.

எங்கள் பவர் பாங்கை அன்று காலை வயரைக் கழற்றி, மணல் போட்ட இரும்பு வாளியில் வளவின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய் வைத்தோம். முதல் நாள் இரவே செய்திருக்கவேண்டிய வேலை அது.  எங்களுக்கு எல்லாம் எழுதிவைத்திருந்தது, நாங்கள்தான் வாசிக்கவில்லை.