தருமபுரி மாவட்ட மகளிர் குழுக் கூட்டங்களும் பங்கேற்புத் திட்டமிடலும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

1965ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தருமபுரி, மழையை நம்பிய புன்செய் வேளாண்மை மிகுந்த மாவட்டமாகும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் அரசுத் திட்டமாகத் தோன்றியது இம்மாவட்டத்திலேயே. இக்குழுக்கள் பெரும்பாலும் சேமிப்பு, கடன் என்னும் நோக்கிலேயே ஆராயப்படுகின்றன. கூடிப் பேசித் திட்டமிடும் அவையாக அவை வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் பரவலும்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் இந்நிறுவனம் 1989 செப்டம்பரில் தருமபுரியில் முதற்குழுக்களை அமைத்தது. அப்போது இன்றைய கிருஷ்ணகிரியும் இம்மாவட்டத்துள் அடங்கியிருந்தது. குழுக்களை உருவாக்கிப் பயிற்றுவிக்கும் பொறுப்பு தொண்டு நிறுவனங்களுக்கும், கடன் வழங்கும் பொறுப்பு வங்கிக்கும் அளிக்கப்பட்டது. பின்னர் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. 1997-98இல் மாநில அரசின் நிதியில் 'மகளிர் திட்டம்' தொடங்கிற்று.

கூட்டத்தின் அமைப்பு

ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் வரை இடம்பெறுவர். அவர்கள் தம்முள் ஓர் ஊக்குநரையும் இரு பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுப்பர். கூட்டத்தில் வருகை பதியப்படும்; சேமிப்பு அனைவர் முன்னிலையிலும் எண்ணப்படும்; கடன் கேட்போர் தம் தேவையைச் சொல்ல, எவருக்கு முதலில் கொடுப்பது என்பதைக் குழுவே முடிவு செய்யும். முடிவுகள் தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டுக் கையொப்பமோ கைந்நாட்டோ பெறும். குறைந்த பணத்தைப் பல தேவைகளுக்கிடையே வரிசைப்படுத்தும் இச்செயலே திட்டமிடலின் முதற்பாடமாயிற்று.

இதே காலத்தில் பங்கேற்புக் கிராம மதிப்பீட்டு முறையும் தென்னிந்தியாவில் பரவியது. ஊர் மக்களே தரையில் கோலப்பொடியாலும் கற்களாலும் ஊரின் வரைபடத்தை அமைத்து, வீடுகளையும் நீர்நிலைகளையும் குறித்தனர். எழுத்தறியாதவரும் திருத்தம் சொல்ல இம்முறை இடம் தந்தது. தாளும் பேனாவும் கற்றவர் கையில் இருக்கும். தரையிலுள்ள படமோ சுற்றி நிற்கும் அனைவருக்கும் உரியது.

நெறிப்படுத்துவோரின் அதிகாரம்

கூட்டத்தை நடத்துபவர் எவரோ அவரே முடிவையும் நடத்திவிடும் இடர் இங்கு இருந்தது. கணக்கெழுதத் தெரிந்த ஒருவரே ஆண்டுக்கணக்கில் ஊக்குநராகத் தொடர்ந்தால், ஏனையோரின் பங்கேற்பு கையொப்பத்தளவில் சுருங்கும். பொறுப்பாளர்களைச் சுழற்சி முறையில் மாற்றுதல், அனைவருக்கும் பயிற்சி அளித்தல், பதிவேட்டை உரக்கப் படித்துக் காட்டல் ஆகியன இதற்கு மாற்றாக அமைந்தன. வெளியிலிருந்து வந்த பணியாளர் படிப்படியாக விலகுவதே அவர் பணியின் வெற்றிக்கு அளவுகோலாகும்.

குழுவிலிருந்து ஊராட்சிக்கு

73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தையொட்டி 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு இடமளித்தது. மகளிருக்கு மூன்றிலொரு பங்கு இடங்களையும் ஒதுக்கியது. குழுக்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளாக இணைந்தபோது, கடன் குறித்த பேச்சு ஊரின் தேவை குறித்த பேச்சாக விரிய வழி பிறந்தது. பின்னர் குழுக்கள் தயாரித்த கிராம வறுமைக் குறைப்புத் திட்டம், கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துடன் இணைக்கப்பட வேண்டும் என்பது நடைமுறையாயிற்று.

முடிவுரை

தருமபுரியில் தொடங்கிய குழுக் கூட்டம், திட்டத்தின் பயனாளிகளைத் திட்டமிடுவோராக மாற்றும் வாய்ப்பைத் தந்தது. எனினும் வாய்ப்பு வேறு, உரிமை வேறு. குழுவில் வரிசைப்படுத்தப்பட்ட தேவை கிராம சபையின் தீர்மானமாகி, நிதி ஒதுக்கீடும் பெறும்போதுதான் பங்கேற்பு முழுமை பெறும். ஆகவே, குழுக்களின் எண்ணிக்கையையும் கடன்தொகையையும் மட்டும் கொண்டு இவ்வியக்கத்தை மதிப்பிடுதல் போதாது. தீர்மானப் பதிவேடுகளும் இம்மாவட்ட வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட வேண்டும்.