துணி உழைக்குமாங்க?



துணிக்கடையில் நம்மூர்ப் பெரியவர்கள் விலை கேட்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "துணி உழைக்குமாங்க?" சீக்கிரம் நைந்து போகாமல் ரொம்ப நாள் வருமா என்பது பொருள். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

ஒரு பொருள் எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல நம் பேச்சில் பல வினைகள் இருக்கின்றன. முறுக்கு பத்து நாள் தாங்கும். அரிசி மாசக் கடைசி வரை வரும். சாயம் நிக்கும். செருப்பு, சைக்கிள், வேட்டி, பனியன் இவையெல்லாம் உழைக்கும். முறுக்கு உழைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. டப்பாவுக்குள் சும்மா இருப்பது தாங்கும். தினமும் நமக்காக வேலை செய்து, தேய்ந்து, அப்படியும் கைவிடாமல் இருப்பதுதான் உழைக்கும்.

ஆங்கிலத்தின் 'டியூரபிள்' என்ற சொல், கெட்டிப்படுதல், நிலைத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இந்தியில் 'டிகாவூ' என்பார்கள். தங்கி நிற்பது என்று பொருள். நாமோ பொருளையே ஒரு வேலையாளாகப் பார்த்திருக்கிறோம்.

திருப்பூரின் வரலாறே இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன வரலாறுதான். பருத்திச் சந்தையும் பஞ்சு அரைக்கும் மில்லும் இருந்த ஊர் இது. 1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தொடங்கிய பிறகு, அதன் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் இயங்கியது. அவிநாசி, ஊத்துக்குளி வட்டாரத்துக் கைராட்டை நூல் இங்கே கதரானது. கைநூலில் முறுக்கு சீராக ஏறாவிட்டால் தறியிலேயே அறும். வேட்டியும் சீக்கிரம் நையும். கதர் உழைக்குமா என்பது அன்று தேசத்தின் கேள்வியாகவும் இருந்தது.

ஏறக்குறைய அதே ஆண்டில்தான் குலாம் காதர் என்பவர் இங்கே முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார். பனியன் நெசவல்ல, பின்னல். ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததும் அவிழ்ந்து ஓட்டை ஓடும். அப்படிப்பட்ட துணி வியர்வையையும் சோப்பையும் துவைக்கிற கல்லையும் தாண்டி வரவேண்டும். கழுத்து தொங்கிய பிறகும் அது வீட்டை விட்டுப் போகாது. முதலில் வீட்டில் போட்டுக்கொள்ள, பிறகு அடுப்படியில் கரித்துணி, கடைசியில் சைக்கிள் துடைக்க. இத்தனையும் சேர்ந்ததுதான் அதன் உழைப்பு.

1970-களின் கடைசியில் இத்தாலிக்குச் சரக்கு போகத் தொடங்கியது. வெளிநாட்டு வியாபாரி "உழைக்குமா?" என்று கேட்கவில்லை, டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டார். துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கும், சாயம் 1 முதல் 5 வரையிலான தரத்தில் எங்கே நிற்கும் என்று எல்லாம் எண்ணாக மாறியது. விந்தை என்னவென்றால், அளவைகள் பெருகிய காலத்தில் உடுத்தும் நாட்கள் குறைந்தன. ஃபேஷன் மாறியதும் துணி பாதி உழைப்பிலேயே ஒதுக்கப்படுகிறது.

இதற்கு நம் மண்ணும் விலை கொடுத்தது. பருத்தியில் சாயம் நிற்க உப்பு வேண்டும். துணியில் ஏறாத சாயமும் அந்த உப்பும் கழிவு நீரோடு நொய்யலுக்குப் போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கின; கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் கெட்டன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு வந்த பிறகே அவை மீண்டும் ஓடின. துணியில் சாயம் நிற்கிறதா என்று பார்த்த நாம், மண்ணில் எது நிற்கிறது என்று பிந்தித்தான் பார்த்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களில் பலர் பத்தாவது முடித்ததும் கைமடியாகச் சேர்ந்து, பிறகு பவர் டேபிள், ஓவர்லாக் என்று உட்கார்ந்தவர்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள். நாற்பது வயதில் இடுப்பு வலியும் கண் மங்கலுமாக என்னிடம் பேசுகிறீர்கள். துணிக்கும் ஆளுக்கும் நம் மொழி ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. துணி எத்தனை துவைப்புக்கு உழைக்கும் என்று சோதிக்க லேப் இருக்கிறது. தைக்கிறவரின் முதுகு எத்தனை வருசம் உழைக்கும் என்று எந்த ரிப்போர்ட்டும் கேட்பதில்லை.

ஆகவே பிஎஃப், இஎஸ்ஐ பதிவை இன்றே சரிபாருங்கள். கம்பெனி நடத்தும் மாணவர்களே, உங்கள் ஆட்களுக்கு அதை ஒழுங்காகக் கட்டுங்கள். நல்ல முதலாளி மெஷினுக்கு எண்ணெய் விட மறப்பதில்லை; ஆளுக்கும் ஓய்வு வேண்டும்.

உங்கள் வீட்டில் அதிக வருசம் உழைத்த துணி எது? உங்கள் பக்கத்தில் இதற்கு வேறு சொல் உண்டா? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.