மூன்றாவது கை: பிடிச்சிராவியின் வரலாறு

இரும்பை அராவி உருவாக்குகிறவனுக்கு இரண்டு கைகள் போதமாட்டா. ஒரு கை அரத்தின் பிடியையும் மறு கை அதன் நுனியையும் பற்றிக்கொண்டால், வேலைப் பொருளைப் பற்றிக்கொள்ள வேறொரு கை வேண்டும். அந்த மூன்றாவது கைக்குத் தமிழில் 'பிடிச்சிராவி' என்று பெயர் உண்டு. பிடித்து இராவுவதற்கு உதவுவது என்பது அதன் பொருள். இராவுதலும் அராவுதலும் ஒன்றே. பட்டறைகளில் பெருக வழங்கும் பெயரோ 'வைஸ்'. வட இந்திய நகரங்களில் வாழும் நம் நேயர்கள் இதே கருவியை 'பாங்க்' என்றும் 'ஷிகஞ்ஜா' என்றும் சொல்லக் கேட்டிருப்பார்கள்.

இக்கருவியைப் பற்றிப் பேசக் காரணம் ஒன்று உண்டு. ரயில்வே, ஆலை, தொழிற்சாலை என்று வேலை தேடிச் சென்று, ஆங்காங்கே நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களில் கைவேலை மறவாதவர்கள், மோட்டார்க் கொட்டகையின் ஓர் ஓரத்திலாவது ஒரு வேலை மேசை போட்டுக்கொள்ள விரும்புகிறார்கள். அதே நகரங்களில், மூடப்பட்ட பட்டறைகளின் பழைய வைஸ்கள் காயலான் கடைகளில் எடைக்கு விற்கப்படுகின்றன. வாங்குவார் இல்லையேல் அவை உலைக்குப் போய்க் கம்பியாகவும் தகடாகவும் திரும்பி வரும். அவற்றில் எதை மீட்கலாம், மீட்கும்போது எதை அழித்துவிடக் கூடாது என்பதை அறிய, அவை வந்த வழியை அறிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுத் தச்சரும் பொற்கொல்லரும் நெடுங்காலமாகத் தரையில் அமர்ந்தே வேலை செய்து வந்தவர்கள். மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து, இரு கைகளாலும் இழைக்கும் தச்சரை இன்றும் காணலாம். பாதமும் கால் விரல்களுமே அவருக்குப் பிடிச்சிராவி. மேலை நாட்டில் ரோமானியர் காலத்திலேயே வேலை மேசைகள் இருந்தன. ஜெர்மனியில் சால்பர்க் என்னுமிடத்திலுள்ள ரோமானியக் கோட்டையின் கிணற்றிலிருந்து அக்காலத்து மேசையே கிடைத்திருக்கிறது. ஆனால் அதில் திருகு வைத்த பிடி இல்லை. முளைகளையும் ஆப்புகளையும் கொண்டே மரத்தை நிறுத்தினார்கள்.

திருகை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோ, திருகு வைத்த பிழிபொறியைப் பற்றியும், மரையினுள்ளே புரி வெட்டும் கருவியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். திராட்சையையும் ஒலிவத்தையும் பிழிந்த அத்திருகு தச்சனின் மேசைக்கு வந்து சேர்ந்ததைத் தெளிவாகக் காட்டும் படங்கள் 1505-ஆம் ஆண்டுக்குரியவை. நியூரம்பர்க் நகரத்து மார்ட்டின் லோஃபெல்ஹோல்ஸ் தொகுத்த சித்திரச் சுவடியில், மரத் திருகு பொருத்திய வேலை மேசையைக் காண்கிறோம். பின்னர் 1769-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ரூபோ என்னும் பிரெஞ்சுத் தச்சரின் பெருநூலில், ஒரே கனத்த பலகையைத் தலையாகக் கொண்ட மேசையின் அமைப்பு விளக்கப்பட்டிருக்கிறது. இன்றும் தச்சுக் கலையில் ஈடுபட்டோர் ரூபோ மேசை என்று சொல்லி அதனைச் செய்கிறார்கள்.

இரும்பு வேலைக்கு மரத் தாடை உதவாது. கொல்லனுக்குக் காலுள்ள வைஸ் பிறந்தது. இரண்டு இரும்புத் தாடைகளில் ஒன்று நீண்டு இறங்கித் தரையில் ஊன்றி நிற்கும். மற்றது கீழே ஒரு கீலில் அசையும். மேலே சம்மட்டி விழுந்தால் அதிர்ச்சி மேசைக்குப் போகாமல் கால் வழியே தரைக்கு இறங்கிவிடும். ஒரு குறையும் உண்டு. கீலில் அசைவதால் தாடை வளைவாகத் திறக்கிறது. ஆகவே தடித்த பொருளைப் பிடிக்கையில் தாடைகள் இணையாக நில்லாமல், பொருளின் கீழ் விளிம்பையே கவ்வும்.

இக்காலுள்ள வைஸில் வியக்கத்தக்கது அதன் மரையே. குழாய்க்குள்ளே புரி வெட்ட வசதியற்ற காலத்தில், திருகின் புரிப் பள்ளங்களில் சதுரக் கம்பியைச் சுற்றி, அச்சுருளைக் குழாய்க்குள் செலுத்தி, பித்தளை உருக்கிப் பற்றவைத்தார்கள். அந்தச் சுருளே மரையின் புரியாயிற்று. திருகும் மரையும் இவ்வாறு ஒன்றுக்கொன்று பிறந்த இணைகள். ஒன்றின் திருகு மற்றொன்றின் மரையில் ஏறாது. பல வைஸ்களை ஒரே நாளில் பிரித்துப் போடுகிறவர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்நிலையை மாற்றியவர் வரலாற்றில் ஒரு பழுதடைந்த வைஸ் இடம்பெற்றிருப்பது பொருத்தமான செய்தி. ஹென்றி மாட்ஸ்லே 1771-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 12 வயதில் ஊல்விச் படைக்கலச் சாலையில் வெடிமருந்து நிரப்பும் சிறுவனாகச் சேர்ந்தவர். பின்பு அங்கே தச்சும் கொல்லும் பயின்றார். லண்டனில் ஜோசப் பிரமா என்பவர் எளிதில் திறக்க முடியாத பூட்டொன்றைச் செய்து புகழ்பெற்றிருந்தார். அதனை ஏராளமாகச் செய்யத் தேர்ந்த கைகள் அவருக்குத் தேவைப்பட்டன. மாட்ஸ்லேயை அழைத்து வந்தார்கள். வந்து நின்றவரோ 18 வயது இளைஞர். அக்காலத்தில் 7 ஆண்டு பழகுநராய் இருந்து முடித்தவனே தொழிலாளி என்று மதிக்கப்படுவான். இவர் அவ்விதம் முடித்தவர் அல்லர். பட்டறை மேஸ்திரி தயங்கினார்.

அப்போது அங்கே தேய்ந்து பயனற்றுக் கிடந்த ஒரு வைஸை மாட்ஸ்லே சுட்டிக்காட்டி, மாலை 6 மணிக்குள் இதனைப் புதியதுபோல் ஆக்கிவிட்டால் தம்மைத் தொழிலாளியாக ஏற்கலாமா என்று கேட்டாராம். சம்மதம் கிடைத்தது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தேய்ந்த தாடைகளுக்குப் புதிய எஃகு பற்றவைத்து, அராவி, பல் வெட்டி, பதமேற்றினார். குறித்த நேரத்துக்குள் வேலை முடிந்தது. அவருக்கு இடமும் கிடைத்தது. 1863-இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய தொழில் வல்லுநர் வரலாற்று நூலில் இச்செய்தி காணப்படுகிறது. ஸ்மைல்ஸ் உழைப்பின் பெருமையைப் பேசுவதில் பெருவிருப்பமுடையவர். ஆதலின் கதையில் சற்று மெருகு ஏறியிருக்கலாம். ஆயினும் வேலையின் வரிசையைப் பாருங்கள். எஃகு பற்றவைத்தல், அராவுதல், பல் வெட்டுதல், பதமேற்றுதல்: அன்றைய கொல்லுத் தொழிலின் பெரும்பகுதி இதில் அடங்கிவிட்டது. இதனினும் தக்க தேர்வு வேறு வைத்திருக்க முடியாது என்றே நாம் கருதுகிறோம்.

பிரமாவிடம் மாட்ஸ்லே மேஸ்திரியாகவே உயர்ந்தார். வாரத்துக்கு 30 ஷில்லிங் கூலி. குடும்பம் பெருகியதால் கூலியை உயர்த்தக் கேட்டார். மறுக்கவே, 1797-இல் வெளியேறித் தனிப்பட்டறை தொடங்கினார். 1800-ஐ ஒட்டி அவர் உருவாக்கிய புரி வெட்டும் கடைசல் எந்திரம் லண்டன் அறிவியல் காட்சிசாலையில் இருக்கிறது. அதற்கு முன், ஒவ்வொரு திருகாணிக்கும் அதற்கென்றே செய்த மரை; கழற்றும்போது அடையாளமிட்டு வைக்காவிட்டால் எதற்கு எது என்று தேட வேண்டும். கடைசல் எந்திரம் சீரான புரியை வெட்டத் தொடங்கிய பின் அத்தொல்லை நீங்க வழி பிறந்தது. மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை செய்தவரான ஜோசப் விட்வொர்த், 1841-இல் நாடு முழுவதற்கும் ஒரே புரி அளவுகளை முன்மொழிந்தார். புரியின் கோணம் 55 பாகை.

இச்செய்தி வெறும் ஏட்டு வரலாறு அன்று. பழைய ஆங்கில வைஸ் ஒன்றின் தாடைத் தகட்டுத் திருகாணி உடைந்துவிட்டால், இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகாணி அதில் ஏறாது. அதன் கோணம் 60 பாகை. அமெரிக்கத் திருகாணியும் 60 பாகைதான். அரை அங்குல விட்வொர்த் திருகாணியில் அங்குலத்துக்கு 12 புரிகள், அமெரிக்கத்தில் 13. முதல் இரண்டு சுற்று ஏறுவதுபோல் ஏறி, பிறகு சிக்கிக்கொள்ளும். பலவந்தமாக முறுக்கினால் துளையின் புரி அழியும். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளே இந்த வேற்றுமையால் பெரிதும் இடர்ப்பட்டு, 1948-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் ஒரு பொதுப் புரிக்கு உடன்பட்டன. நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்கு வழிவகுத்த சட்டம் 1956-இல் வந்தது. அதற்கு முந்திய கருவிகளைத் தொடுகிறவர்கள் முதலில் புரி அளவுகோலைத் தொடுவது நல்லது.

19-ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு மலிந்தபோது, காலில்லாமல் மேசைமேல் அமரும் வைஸ் பரவிற்று. அசையும் தாடை ஒரு சட்டத்தில் நேராக ஓடுவதால், எவ்வளவு திறந்தாலும் தாடைகள் இணையாகவே நிற்கும். ஃபிட்டருக்கு இதுவே உகந்தது; ஆனால் வார்ப்பிரும்பு அடி தாங்காது. இங்கிலாந்தில் ஷிப்லியில் பார்க்கின்சன், ஷெஃபீல்டில் ரெக்கார்டு, அமெரிக்காவில் சிகாகோவில் 1941-இல் தோன்றிய வில்டன் என்று பேர்பெற்ற முத்திரைகள் பல.

இந்தியாவுக்கு இக்கருவி பெருமளவில் வந்தது ரயில்வேயோடுதான். பெரம்பூர்ப் பட்டறை 1856-இலும், பீகாரில் ஜமால்பூர்ப் பட்டறை 1862-இலும் ஏற்பட்டவை. தரையிலமர்ந்து வேலை செய்த நாட்டில், நின்றுகொண்டு வைஸில் வேலை செய்யும் 'ஃபிட்டர்' என்னும் புதிய தொழிலாளி இத்தகைய பட்டறைகளில்தான் உருவானான். விடுதலைக்குப் பின், 1950-இல் தொடங்கிய கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டமும், 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டமும் அத்தொழிலை நாடெங்கும் பரப்பின. ஃபிட்டர் பயிற்சி என்றாலே முதலில் வைஸின் முன் நின்று இரும்புக் கட்டியை மட்டமாக அராவுவதுதான். சொந்த ஊரைவிட்டுத் தொலைவில் பிழைத்த தமிழர் பலருக்கு அந்த அராவும் திறனே சோறு போட்டது.

அந்த வைஸ்களில் அவர்கள் உழைப்பின் தடம் இருக்கிறது. தாடையோரத்தில் தவறிப்போன வாளின் வெட்டு, புதிய பழகுநன் துளையிட்டபோது விழுந்த குழி, கை பட்டுப் பட்டு வழவழப்பான பிடி ஆகியவை அழகைக் கெடுப்பன என்று எண்ணி, அரவைச் சக்கரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள் சிலர். செய்தவன் பெயரும் அதனோடு போய்விடுகிறது. நீக்க வேண்டியது துரு ஒன்றே.

வாங்குமுன் வார்ப்பில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல வார்ப்பு ஒலிக்கும்; விரிந்தது மந்தமாகக் கேட்கும். பிடியில் குழாயை மாட்டி முறுக்கியவர்களே பெரும்பாலும் விரிசலுக்குக் காரணர். பிறகு திருகை முழுவதும் பின்வாங்கி அசையும் தாடையை வெளியே எடுத்தால், உள்ளே மரை தனித்துண்டாக அமர்ந்திருப்பதைப் பல வைஸ்களில் காணலாம். மரையின் புரி கத்திமுனைபோல் மெலிந்திருந்தால் வாங்காதிருப்பதே மேல். கடைசலில் புது மரை செய்யத் தெரிந்தவர் அருகிலிருந்தால் வேறு செய்தி.

இறுகிய திருகை மண்ணெண்ணெயில் சில நாள் ஊறவிட்டால் பெரும்பாலும் இளகும். துருவை அகற்ற மின்பகுப்பு முறை வார்ப்பிரும்புக்கு மிகவும் இதமானது. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கலந்த நீர். வைஸ் மின்னேற்றியின் எதிர்முனையோடும், ஒரு பழைய இரும்புத் தகடு நேர்முனையோடும் இணைக்கப்பட வேண்டும். எவர்சில்வர்த் தகட்டை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது; அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாக நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு எழுவதால் வேலை திறந்த வெளியில், நெருப்புக்கு அப்பால் நடக்க வேண்டும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதனை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்காமல், ஈரமாக்கிச் சுரண்டி எடுப்பதும், குழந்தைகளை அகற்றி வைப்பதும் அவசியம்.

மேசைக்குக் கனமே முதல் இலக்கணம். அரம் முன்னும் பின்னும் ஓடும்போது மேசையும் உடன் ஆடினால், வைஸ் எவ்வளவு சிறந்ததாயினும் வேலை மட்டமாகாது. வடக்கே சால் மரம் இதற்குத் தகும். பழைய ரயில் குறுக்குக் கட்டைகள் மலிவென்று வாங்குவோர் உண்டு. கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய அக்கட்டைகள் கைபடும் மேசைக்கு ஏற்றவை அல்ல. உயரத்துக்குப் பட்டறை வழக்கு ஒன்றுதான்: நின்று முழங்கையை மடித்தால், முழங்கை மட்டமும் தாடையின் மேல் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவருடைய முழங்கை 42 அங்குல உயரத்திலும், வைஸின் உயரம் 8 அங்குலமாகவும் இருந்தால், மேசை 34 அங்குலம்.

வைஸை மேசையின் கால் ஒன்றுக்கு நேர் மேலே, பலகையை ஊடுருவும் போல்ட்டுகளால் இறுக்குவது முறை. மரத் திருகாணிகள் நாளடைவில் தளர்ந்துவிடும். நிலையான தாடையின் முகம் பலகை விளிம்புக்குச் சற்று வெளியே நீண்டிருக்குமாறு வைத்தால், நீண்ட கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது அது பலகையில் இடிக்காமல் தரைவரை நேரே இறங்கும்.