பாஷாணப் பச்சை

விக்டோரியா மகாராணியின் காலத்தை (1837–1901) நாம் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறோம். அதனாலோ என்னவோ, அக்கால ஆங்கிலேயர் மங்கலான நிறங்களையே உடுத்தினார்கள் என்று ஒரு நினைப்பு. உண்மை நேர்மாறு. 1850களில் லண்டன் சீமாட்டிகளுக்குப் பச்சை நிறத்தில் பெரும் மோகம். கவுன் பச்சை, தலையில் சூடும் செயற்கை இலையும் பூவும் பச்சை, வீட்டுச் சுவரில் ஒட்டிய காகிதமும் பச்சை.

அதற்கு முன் நீலத்தையும் மஞ்சளையும் கலந்துதான் பச்சைச் சாயம் தயாரித்தார்கள், சீக்கிரம் வெளுத்துவிடும். 1775-ல் ஸ்வீடன் நாட்டு ரசாயன மேதை ஷீலே, தாமிரத்தையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சைப் பொடி செய்தார். 1814-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் அதைவிடப் பளிச்சென்ற 'மரகதப் பச்சை' தயாராயிற்று. மலிவு, காஸ் விளக்கு வெளிச்சத்திலும் எடுப்பாக இருந்தது. ஆனால் ஆர்சனிக் என்பது நம் பெரியவர்கள் பாஷாணம் என்று சொன்ன அதே விஷம்.

இது பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குத் தெரியாததல்ல. 1851-ல் ஆர்சனிக் விற்பனைக்கென்றே ஒரு சட்டம் வந்தது. எலிக்கு வைக்க ஒரு அவுன்ஸ் வாங்க வந்தவரின் பெயர், விலாசம், காரணம் எல்லாவற்றையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். சர்க்கரை என்று யாரும் ஏமாறாமலிருக்க, சில்லறை விற்பனையில் கரியோ அவுரி நீலமோ கலந்தாக வேண்டும். அதே விஷம் பூ மாலையாகவும் சுவர்க் காகிதமாகவும் கடைக்கு வந்தபோது எந்தப் பதிவேடும் இல்லை. பதிவேடுகளோடு முப்பத்தைந்து வருஷம் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சட்டம் கொலைகாரனைத் தேடியது, சாயக்காரர் அதன் கண்ணில் படவேயில்லை.

அதன் விலையைக் கொடுத்தவர் மாட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண். லண்டனில் செயற்கைப் பூத் தொழிற்கூடத்தில் இலைகளின்மேல் பச்சைப் பொடியைத் தூவுவது அவர் வேலை. மூச்சோடு உள்ளே போனது பாதி, கையிலிருந்து சாப்பாட்டில் சேர்ந்தது பாதி. ஒன்றரை வருஷத்துக்குள் பலமுறை நோயில் விழுந்து எழுந்தார். 1861 நவம்பரில் இறந்தபோது அவர் வாந்தி பச்சை. கண்ணின் வெள்ளை விழியும் பச்சை.

பெண்கள் சுகாதாரச் சங்கம் ஒன்று செயற்கை இலைகளைப் பிரபல ரசாயன நிபுணர் ஹாஃப்மனிடம் பரிசோதனைக்குக் கொடுத்தது. ஒரு தலை அலங்காரத்தில் இருபது பேரைக் கொல்லும் ஆர்சனிக் இருப்பதாக 1862 பிப்ரவரியில் 'டைம்ஸ்' பத்திரிகையில் அவர் எழுதினார். 20 கஜம் துணியில் தைத்த ஒரு நடன கவுனில் சுமார் 900 கிரெயின், அதாவது ஏறக்குறைய 58 கிராம் ஆர்சனிக் இருக்கக்கூடும் என்றும் கணக்கிட்டார்கள். ஒரே இரவு ஆட்டத்தில் இத்தகைய கவுனிலிருந்து 60 கிரெயின் பொடியாக உதிரும் என்றார் பெர்லின் மருத்துவர் ஒருவர். ஒரு மனிதரைக் கொல்ல நாலைந்து கிரெயின் போதும்!

சந்தேகம் வந்த வீட்டுக்காரர்களுக்கு எளிய சோதனையும் இருந்தது. பச்சைக் காகிதத்தில் ஒரு சொட்டு அம்மோனியா விட்டால் நீலமாகும். பி.எஸ்ஸி. படித்தவர்களுக்குப் பரிச்சயமான தாமிரச் சோதனைதான். அந்தப் பச்சையில் தாமிரம் என்றால் அநேகமாக ஆர்சனிக்கும் உண்டு.

சுவர்க் காகித விஷயத்தில் மட்டும் வாக்குவாதம் நீண்டது. புகழ்பெற்ற வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் இந்த அபாயத்தைப் பெரிதாக எண்ணவில்லை. ஆர்சனிக் எடுத்த டெவன் சுரங்கக் கம்பெனியில் அவருக்குப் பங்கு இருந்தது, சில காலம் டைரக்டராகவும் இருந்தார். காகிதத்தை யாரும் நக்குவதில்லையே என்று கேட்டவர்களுக்குப் பதில் 1890களில் இத்தாலியிலிருந்து வந்தது. ஈரச் சுவரில் வளரும் பூஞ்சணம் அந்தச் சாயத்திலிருந்து விஷ வாயுவைக் கிளப்பும் என்று கோசியோ என்பவர் காட்டினார். தொழிலாளருக்கு ஆர்சனிக் விஷம் ஏறினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 1895-ல்தான் வந்தது. மாட்டில்டா இறந்து 34 வருஷம் கழித்து!

கவுன்கள் போய்விட்டன. புத்தகங்கள் போகவில்லை. அதே மரகதப் பச்சையை அக்காலத்துத் துணி அட்டைகளிலும் பூசியிருந்தார்கள். அமெரிக்காவில் 2019 முதல் ஆராய்ச்சியாளர்கள் நூலகங்களில் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைத்து வருகிறார்கள். கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் காலத்தில் வாங்கிய பளீர்ப் பச்சைத் துணி அட்டை ஆங்கிலப் புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், எறிய வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள். முக்கியமாக, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டும் நம் பழைய பழக்கத்தை அன்று ஒரு நாளாவது விட்டுவிடுங்கள்.