பத்துக்குப் பன்னிரண்டு: ஒரு லயக் காம்பராவின் கதை

கொஞ்சம் நீளமான இழை. ஒரு டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. கதையும் அந்த டீயைப் பத்தினதுதான். சரியாச் சொன்னா, அந்தக் கொழுந்தைப் பறிச்ச குடும்பம் ராத்திரி எங்க படுத்துச்சுங்கிறதைப் பத்தி.

இலங்கை மலையகத்துக்கு வந்திருந்தா பார்த்திருப்பீங்க. தேயிலைச் சரிவுக்கு நடுவுல நீளமா ஒரு தகரக்கூரை, அதுக்குக் கீழே வரிசையா கதவுகள். அதுதான் லயம். ஒரு கதவுக்கு ஒரு காம்பரா. அளவு 10 அடிக்கு 12 அடி. முன்னால குறுகலா ஒரு இஸ்தோப்பு. நிறைய லயங்கள்ல முதுகுக்கு முதுகு ஒட்டி இரண்டு வரிசை கட்டியிருப்பாங்க. அப்போ பின்பக்கம் கதவும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம்.

காம்பரா போர்த்துக்கீசியச் சொல். இஸ்தோப்பு டச்சுக்காரன் விட்டுட்டுப் போனது. லயம் இங்கிலீஷ்காரனோட 'லைன்'. மூணு ஆட்சி சேர்ந்தும் ஒரு ஜன்னல் வைக்கல.

இந்த அளவு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். 1820, 30கள்ல இங்க தொடங்கினது தேயிலை இல்லை, கோப்பி. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது முக்கியமா பழம் பறிக்கிற சில மாசத்துக்குத்தான். தமிழ்நாட்டுல இருந்து கங்காணிகள் ஆள் கூட்டிட்டு வருவாங்க. பெரும்பாலும் ஆம்பளைங்க. மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடை. வழியிலேயே காலராவிலயும் காய்ச்சல்லயும் செத்தவங்க கணக்கு தனிக்கதை. பறிச்சு முடிச்சா ஊருக்குத் திரும்பிடுவாங்க. அவங்க ராத்திரி தலை சாய்க்கக் கட்டினதுதான் லயம். வீடு இல்லை, படுக்குற இடம்.

1869ல கோப்பி இலையில துரு நோய் வந்து, கொஞ்ச வருஷத்துல அந்தத் தொழிலே படுத்துடுச்சு. அதுக்கு இரண்டு வருஷம் முன்னாடி, 1867ல, ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில 19 ஏக்கர் தேயிலை போட்டிருந்தார். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினாங்க. தேயிலை வருஷம் பூரா கொழுந்து விடும். வருஷம் பூரா ஆள் வேணும், அதுவும் கொழுந்து கிள்ளப் பொம்பளைங்க வேணும். குடும்பம் குடும்பமா வந்து தங்கினாங்க.

பயிர் மாறுச்சு, வேலை மாறுச்சு, ஆட்கள் மாறினாங்க. காம்பரா அளவு மட்டும் அப்படியே நின்னுடுச்சு. தனி ஆளுங்களுக்குக் கட்டின இடத்துல கல்யாணம், பிரசவம், சாவு எல்லாம் நடக்க ஆரம்பிச்சது.

ஒரு வைத்தியரா எனக்கு முதல்ல கண்ணுல படுறது அடுப்பு. 120 சதுர அடிக்குள்ள விறகு எரியுது, புகை போக வழி இல்லை. மலைக்குளிருக்குக் கதவையும் சாத்தி வைப்பாங்க. அடுப்புக்கிட்ட அம்மா, அம்மா மடியில கைக்குழந்தை. திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளியோட தூக்கிட்டு வர்ற குழந்தையும், வாழ்நாள்ல ஒரு பீடி கூடத் தொடாம மூச்சு வாங்குற பாட்டியும் பல நேரம் அந்த ஒரே அடுப்போட நோயாளிங்கதான்.

அடுத்தது கால். லயத்தைச் சுத்தி கக்கூஸ் இல்லை. ஈரமான, நிழலான மண். கொக்கிப்புழு முட்டை மலத்தோட மண்ணுக்குப் போய், அங்க பொரிச்சு, வெறுங்கால் தோல் வழியா உடம்புக்குள்ள ஏறி, குடல்ல தொங்கி ரத்தம் குடிக்கும். அதுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. 1916ல ராக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்கள்ல கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கினப்போ, பரிசோதிச்சவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே புழு இருந்துச்சு. மருந்து கொடுத்தாங்க. புழு விழுந்துச்சு. அதே மண்ணுல நடந்தாங்க, திரும்ப ஏறுச்சு. கக்கூஸ் கட்டாம இது தீராதுன்னு டாக்டர்கள் சொன்னாங்க. தோட்ட நிர்வாகங்கள் செலவைப் பார்த்துச் சுணங்கினாங்க. கூலிக்காரன் சோம்பேறின்னு துரைமார் சொல்லிட்டு இருந்த காலம் அது. ரத்தம் பாதியா இருக்கிறவன் மலை ஏறிக் கொழுந்து பறிச்சதே பெரிசு.

இனி மறுபக்கம். லயத்துல வளர்ந்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, திட்டிட்டே இருப்பாங்க, நடுவுல ஒரு இடத்துல குரல் மாறும்.

சுவர் மெல்லிசு. ராத்திரி குழந்தை இருமுற விதம் சரியில்லன்னா பக்கத்துக் காம்பரா அக்கா கதவைத் தட்டுவாங்க. வலி எடுத்த பொண்ணைக் கம்பளியில வச்சு ரோட்டு வரைக்கும் தூக்கிட்டு ஓட நாலு ஆம்பளைங்களைத் தேட வேண்டியதில்லை, இஸ்தோப்புல நின்னு கூப்பிட்டாப் போதும். அம்மா மலைக்குப் போனா குழந்தை பிள்ளைக் காம்பராவுல. அங்கேயும் இல்லன்னா லயத்துல யாரோ ஒரு ஆயா இடுப்புல. ஒரு நோயாளியோட காய்ச்சல் எப்போ தொடங்குச்சுன்னு அவரைக் கேக்கிறதைவிட, கூட வந்த பக்கத்துக் காம்பராக்காரங்களைக் கேட்டா எனக்குச் சரியான பதில் கிடைக்கும். இதை நான் சும்மா சொல்லல.

அதே மெல்லிசுச் சுவர்தான் புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்கு நரகம். ஒரு சேலையை நடுவுல கட்டித் தொங்கவிட்டா அதுதான் அறை. மழைன்னு பார்க்காம மாமனார் மாமியார் இஸ்தோப்புல படுப்பாங்க. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, குடிச்சிட்டு வந்து சத்தம் போடுற அப்பா, வயசுக்கு வந்த பொண்ணு, எல்லாரும் அந்த 120 சதுர அடியில. அடி விழுந்தா லயம் பூரா கேக்கும். சில நாள் யாராவது வந்து தடுப்பாங்க. பல நாள் 'அவங்க குடும்ப விஷயம்'.

'அப்படி நெருக்கமா இருந்தா காசநோய் வந்தவரை வீட்டுல வச்சிருக்கலாமா?'ன்னு கேப்பீங்க. இதுக்கு லயத்துல இல்ல, மெட்ராஸ்ல ஒரு பதில் கிடைச்சது. 1956ல சேத்துப்பட்டுல தொடங்கின ஆய்வு. 193 நோயாளிகள். ஒரு பகுதியினரை சானடோரியத்துல சேர்த்தாங்க, மத்தவங்களை நகரத்துல அவங்களோட நெருக்கடியான சின்ன வீடுகள்லயே விட்டாங்க. ஒரு வருஷம் ஒரே மருந்து. வீட்டுல இருந்தவங்களுக்குச் சாப்பாடும் மோசம், ஓய்வும் குறைச்சல். இருந்தும் ஏறக்குறைய சானடோரியக்காரங்க அளவுக்கே குணமானாங்க. கூட இருந்த குடும்பத்தாரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. வீட்டுல வச்சதால அவங்களுக்கு நோய் கூடல. ஆபத்து, மருந்து தொடங்குறதுக்கு முந்தின நாட்கள்லதான் அதிகம்.

அதனால 'சின்ன வீடு' மேல மட்டும் பழி போட எனக்கு மனசு வரல. சின்ன வீடு உலகம் பூரா கிராமங்கள்ல இருக்கு. நம்ம ஊர்க் குடிசையும் சின்னதுதான். ஆனா குடிசைக்காரர் நாலு தென்னங்கீத்து கிடைச்சா பின்னால ஒரு சாய்ப்பு இறக்கிக்கலாம், அடுப்பை வெளியில கொண்டு போகலாம். லயத்துல ஒரு ஜன்னல் உடைக்கத் தோட்டத்துக்கிட்ட அனுமதி வேணும். காம்பரா வேலையோட ஒட்டினது. செக்ரோல்ல பேர் போனா காம்பராவும் போச்சு. கடிதம் கூட வீட்டுக்கு வராது, தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். 1948ல குடியுரிமையைப் பறிச்சாங்க. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே லயத்துல ஒரு காம்பரா இந்தியாவுக்கு, அடுத்த காம்பரா இங்கேயேன்னு பிரிஞ்சது. போனவங்கள்ல பல பேர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தாங்க.

லயத்தை எங்க கட்டணும்ங்கிறதையும் அவங்க தீர்மானிக்கல. 2014 அக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயங்கள் மண்ணுக்குள்ள போச்சு. மண்சரிவு அபாயம் இருக்குன்னு முன்னாடியே எச்சரிக்கை இருந்த இடம்.

இப்போ தனி வீடு கட்டித் தர்றாங்க. இந்திய அரசு உதவியிலயும் வருது. ஜன்னல் இருக்கு, தனிச் சமையலறை இருக்கு, கக்கூஸ் இருக்கு. போன சில பெரியவங்க 'ராத்திரி ரொம்ப அமைதியா இருக்கு டாக்டர், பயமா இருக்கு'ங்கிறாங்க. அதைக் கேட்டுட்டு 'பாருங்க, அவங்களுக்கு லயம்தான் பிடிக்குது'ன்னு பேசுற கனவான்களையும் கேட்டிருக்கேன். அவங்க யாரும் ஒரு ராத்திரி கூட அங்க படுத்ததில்லை. பாட்டி தேடுறது பக்கத்துக் காம்பரா ஆளுங்களை, 10க்கு 12ஐ இல்லை. அந்த ஆளுங்களைப் பக்கத்துப் பக்கத்துக் காணியில குடிவச்சா என்ன குறைஞ்சிடும்?

இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயத்துலதான் இருக்கு. அங்கிருந்து யாராவது இதை வாசிச்சா: விறகு எரியிற நேரம் கைக்குழந்தையை இஸ்தோப்புல வச்சுக்கோங்க. வீட்டுல யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல இருமல்னா அரசாங்க ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட் இலவசம். பக்கத்துக் காம்பராக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க.