எட்டப்பன் என்றொரு சொல்

மதுரை நாயக்கர்கள் வகுத்த 72 பாளையங்களில் கோம்பையும் ஒன்று. இன்று வெளியூர்க்காரர்களிடம் கோம்பை என்றால் செவலை உடம்பும் கறுத்த மூஞ்சியுமாக ஒரு நாய்தான் ஞாபகத்துக்கு வரும். பாளையக்காரர் பெயரை யாரும் விசாரிப்பதில்லை. நாவலாகாத, படமாகாத ராஜ வம்சத்தின் கதி இது. எனக்கு இதில் வருத்தம் இல்லை. படமான வம்சங்களுக்கு நேர்ந்ததைப் பார்க்கையில் நாய் எவ்வளவோ தேவலை.

நான் சரித்திரம் கற்றது பாடப்புத்தகத்தில் அல்ல. 1959இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வசனத்தில். 1957இல் சிவாஜி நாடக மன்றத்தின் மேடை நாடகமாக இருந்து பிறகு படமானது அது. வசனம் சக்தி கிருஷ்ணசாமி. அதற்கும் பின்னால் ம. பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாறு இருந்தது. நூல், நாடகம், படம் என்று மூன்று படி ஏறியதில் ஒவ்வொரு படியிலும் சந்தேகங்கள் கழிந்து போயின. கடைசியில் மிஞ்சியது கணீரென்ற ஒரு குரல். பள்ளி ஆண்டுவிழாவில் அந்தக் குரலைக் காப்பியடித்து நானும் கை தட்டல் வாங்கியிருக்கிறேன்.

அதே வகுப்பில் வாத்தியாரிடம் கோள் சொன்னான் ஒரு பையன். அவனுக்கு எட்டப்பன் என்று பெயர் வைத்தவன் நான்தான்.

பின்னால் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தையும், கே. ராஜய்யன் கம்பெனி ஆவணங்களிலிருந்து எழுதியவற்றையும் படித்தபோது வேறொரு கட்டபொம்மன் தென்பட்டான். 1798இல் கலெக்டர் ஜாக்சனைப் பார்க்கக் குற்றாலம் போகிறான். பேட்டி கிடைக்கவில்லை. கலெக்டர் முகாம் மாறிக்கொண்டே போகிறது; சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இவனும் தன் ஆட்களோடு பின்னாலேயே போகிறான். செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி. அங்கே நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். சிறைப்பிடிக்கப் பார்த்ததில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் சாகிறான், மந்திரி சுப்பிரமணிய பிள்ளை பிடிபடுகிறார். விசாரணைக் குழு கட்டபொம்மன் பக்கம் நியாயம் கண்டது. ஜாக்சனுக்கு வேலை போயிற்று. மறுவருஷம் பானர்மன் படையோடு வந்தான். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கு.

இதில் என் மனசைத் தொடுவது அந்த நடை. கலெக்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஊர் ஊராக நடக்கிற ஒரு பாளையக்காரன். வணங்கலாமா, திரும்பிவிடலாமா என்ற தத்தளிப்பு அந்த வழியெல்லாம் இருந்திருக்க வேண்டும். நவீன நாவல் ஒன்றுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? படத்துக்கு அது வேண்டாம். நாயகன் காத்து நிற்கக் கூடாது, பேச வேண்டும். அதுவும் தெலுங்கு வீட்டுமொழியாக இருந்த குலத்து மனிதன் நம் மேடைத் தமிழில் பேச வேண்டும். வீட்டில் கன்னடமும் தெலுங்கும், தெருவில் தமிழுமாக இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த எனக்குக் கூட அப்போது இது உறைக்கவில்லை.

கல்கியின் விஷயம் நேர்மாறு. ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு தருவது கொஞ்சம்தான்: துரோகிகளின் பெயர்கள், அவர்கள் உறவினரின் நிலம் பறிமுதலான விவரம். அந்தச் சில வரிகளின் மேல் அவர் 1950 முதல் 1954 வரை ஐந்து பாகம் கட்டினார். அலங்காரம் எவ்வளவு இருந்தாலும், கொன்ற கை யாருடையது என்பதை அடித்துச் சொல்லாமல் விட்டார். தெரியாததைத் தெரியாததாக விட்ட நாணயம் அது. கட்டபொம்மன் விஷயத்தில் ஆவணம் மலையாகக் கிடந்தும் நாம் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

வில்லனாக நின்றது எட்டயபுரம். கம்பெனியின் பக்கம் சேர்ந்தார்கள், பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கும் பெற்றார்கள். இதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் எட்டப்பன் என்பது ஒரு ஆளின் பெயர் அல்ல. தலைமுறை தலைமுறையாக அந்த வம்சத்துப் பட்டம். 1835இல் முத்துசாமி தீட்சிதர் கண்மூடியது அந்த ஊரில். சுப்பையாவுக்குப் பாரதி என்ற பட்டம் கிடைத்ததும் அங்கேதான். ஒரு சமஸ்தானத்தின் நூற்றாண்டுகளை ஒரு வசைச்சொல்லுக்குள் அடைத்துவிட்டோம்.

அந்த வம்சத்துக்கும் ஒரு வரலாற்று நூல் உண்டு. 1879இல் சுவாமி தீட்சிதர் எழுதிய 'வம்சமணி தீபிகை'. 1919இல் பாரதி எட்டயபுரம் ராஜாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த நூலின் நடை சரியில்லை, நல்ல தமிழில் தானே திருத்தி எழுதித் தருகிறேன் என்பது அதன் சாரம். காரியம் நடக்கவில்லை. இரண்டு வருஷத்தில் பாரதியும் போய்விட்டார். வறுமையில் எழுதிய கடிதம், ராஜஸ்துதிக்குச் சம்மதித்த கடிதம் என்று யாராவது சொல்லலாம். இருக்கட்டும். பாரதி கையால் எட்டயபுரத்தின் கதை உரைநடையாகியிருந்தால், 1959இல் அந்தப் பெயரை அவ்வளவு சுலபமாகத் திரையில் எறிந்திருக்க முடியுமா?

1970இல் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தவரும் சிவாஜி கணேசனே. நடித்தவரே நினைவுச்சின்னமும் எழுப்பினார். ஆவணத்துக்கு அங்கே இடம் இருக்கவில்லை. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களுக்கும் இல்லை. குற்றம் நடிகர் மேல் அல்ல. அந்த இடம் காலியாகக் கிடந்தது. எழுதுகிறவர்கள் நாம் அங்கே போகவில்லை. சரித்திர நாவல் என்றால் மூக்கைச் சுளித்துக்கொண்டு தனிமனித அவஸ்தையைத் தேடிப் போனோம். குற்றாலத்திலிருந்து ராமநாதபுரம் வரை நடந்தவனின் அவஸ்தை நம் கண்ணில் படவில்லை.

சமீபத்தில் கோம்பைக்குப் போயிருந்தபோது அந்தப் பழைய வகுப்புத் தோழனைத் தெருவில் பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தேன். நாக்கில் வந்தது நான் வைத்த பெயர். அவன் அப்பா வைத்த பெயர் ஞாபகம் வருவதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டிவிட்டான்.